கலியபெருமாழ்

சரியாக மூன்று பத்துக்குப் பரிமளா மேடம் என் கோப்பை மூடி, "இது கலியபெருமாள் சார் கையெழுத்து இல்லீங்க" என்று சொன்னார். இப்போது மூன்று பதினாறு. ஒரு போன் செய்ய ஓடியது போக, ஆறு நிமிஷமாக நகராட்சி அலுவலகத்தின் இந்த மர பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஒரு வாக்கியத்தையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெஞ்சின் ஒரு கால் கால் அங்குலம் குட்டை. நான் அசைந்தால் அதுவும் அசைகிறது, அசையாமல் யோசிக்கலாமென்றால் எனக்கு அப்படி யோசிக்க வராது, டக், டக் என்று சத்தம் கேட்கும்போதெல்லாம் மேடம் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்க்கிறார். மடியில் புதிதாகக் கொடுத்த சான்றிதழ்ப் படிவம். அதில் ஐந்து மணிக்குள் சாரின் கையெழுத்து "ரெக்கார்டுல இருக்கிற மாதிரியே" வந்துவிட வேண்டும். வந்தால் நான் உரிமம் பெற்ற பொறியாளர். வராவிட்டால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்குத்தான் கடைசி நாள். இதில் என்ன கொடுமையென்றால் மேடம் போலி என்று ஒதுக்கிய கையெழுத்து அசல். நேற்று காலை என் கண் முன்னால், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சார் தன் கையால் போட்டது. பதினொரு வருஷத்தில் அவர் தன் கையால் போட்ட ஒரே கையெழுத்து. ரெக்கார்டில் இருப்பதுதான் அவருடையது இல்லை. அது என்னுடையது.

நானாக ஆசைப்பட்டுச் செய்ததில்லை, அதை முதலில் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், நாளைக்கு யாராவது கேட்டால் சொல்வதற்குப் பழக்கமாக இருக்கும். இஞ்சினியர் கலியபெருமாளிடம் நான் வரைவாளனாகச் சேர்ந்தபோது எனக்கு டிப்ளமோ மட்டும். சார் தூணைக் காலால் ஓர் எத்து எத்திப் பார்த்துக் கம்பி எத்தனை என்று சொல்லிவிடுவார், ஆனால் காகிதத்தைக் கண்டால் அவருக்கு ஆகாது. பேனா மூடியைத் திறந்தால் தும்மல் வரும் என்பார். வரும், நான் பார்த்திருக்கிறேன். முதலில் "நீயே எழுதிடுப்பா" என்றார், எழுதினேன். அப்புறம் "நீயே வரைஞ்சிடுப்பா" என்றார், வரைந்தேன். அப்புறம் ஒருநாள் குடலிறக்க அறுவைக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது உரிமம் புதுப்பிக்கக் கடைசி நாள் வந்துவிட்டது. "மூணு கட்டத்துல கையெழுத்து, அவ்ளோதானே. நீயே போட்டுடுப்பா, யாரு பாக்கப்போறா" என்றார். இதே அலுவலகம், இதே பெஞ்ச். அன்றைக்கு நான்கு கால்களும் சமமாக இருந்தனவா என்று நினைவில்லை. மாதிரிக் கையெழுத்துப் பதிவேட்டில் மூன்று கட்டம், கீழே சின்ன எழுத்தில் 'மூன்றும் ஒத்திருக்க வேண்டும், அடித்தல் திருத்தல் கூடாது.' முதல் கட்டத்தில் போட்டேன். கலியபெருமா வரைக்கும் தேர் மாதிரி நிதானமாக வந்த கை, கடைசி எழுத்தில் அவசரப்பட்டது. கலியபெருமாழ் என்று போட்டுவிட்டது.

ழ. சிறப்பு ழ. அதற்குக் காரணம் என் பெயர்தான், ஏழுமலை. எங்கள் தெருவில் என்னை ஏயுமல என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாம் வகுப்பில் ஏளுமலை என்று எழுதியதற்கு நூறு தடவை ழ எழுதச் சொன்னார்கள், எழுதினேன், அன்றிலிருந்து பதற்றம் வந்தால் என் கை ழ போட்டுவிடும். ஒரு தடவை வரைபடத்தில் 'கழிவுநீர்ப் பழ்ழம்' என்று எழுதி, அதற்கு ஒப்புதலும் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு முதல் கட்டத்தில் ழ் விழுந்துவிட்டது, அடிக்கக் கூடாது, மூன்றும் ஒத்திருக்க வேண்டும், என்ன செய்வது? இரண்டாவதிலும் ழ் போட்டேன். மூன்றாவதில் கொஞ்சம் தைரியம் வந்து அந்த ழ்-வின் வாலை இழுத்துப் பெயருக்கு அடியில் ஒரு கோடாக ஓட்டினேன், பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. அதோடு முடிந்தது. அதற்குப்பின் முந்நூற்றுப் பன்னிரண்டு வரைபடங்கள், எல்லாவற்றிலும் கலியபெருமாழ். கல்யாண மண்டபம் இரண்டு, மாவு மில் ஒன்று, ஒரு பல் ஆஸ்பத்திரி. இந்த ஊரில் பாதிப் பேர் ழ்-வின் கீழ்தான் தூங்குகிறார்கள். நேற்று சார் தன் பெயரைப் பிழையில்லாமல் எழுதினார், அதனால் அது போலியாகிவிட்டது.

மேலே விட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரிசல் ஓடுகிறது. வெறும் பூச்சு விரிசல்தான், பயமில்லை. இருந்தாலும் நான் அதையே பார்க்கிறேன், அதைப் பார்த்தால் படிவத்தைப் பார்க்க வேண்டாம். படிவத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். தகுதி ஒன்று, பொறியியல் பட்டம். அதை ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கும் மாலை வகுப்புக்கும் அலைந்து நாற்பத்தோரு வயதில் வாங்கினேன், பட்டமளிப்பு விழாவில் பக்கத்துப் பையன் என்னைப் பார்த்து "அங்கிள், பேரண்ட்ஸ் அந்தப் பக்கம்" என்றான். தகுதி இரண்டு, உரிமம் பெற்ற பொறியாளரின் கீழ்ப் பத்து வருஷ அனுபவம். இருக்கிறது, வழிகிற அளவுக்கு இருக்கிறது. தகுதி மூன்று, எழுத்துத் தேர்வு, தேறிவிட்டேன். தகுதி நான்குதான் மடியில் இருக்கிறது. 'விண்ணப்பதாரரை நான் நேரில் அறிவேன். இவர் தொழிலில் நேர்மையானவர் எனச் சான்றளிக்கிறேன்.' அதற்குக் கீழே ஒரு புள்ளிக்கோடு. அந்தக் கோட்டின்மேல் கலியபெருமாழ் என்று எழுத எனக்கு நான்கு விநாடி போதும். நான்கு விநாடியில் நான் நேர்மையானவன் ஆகிவிடலாம், போலிக் கையெழுத்துப் போட்டு.

பேனா சட்டைப்பையில்தான் இருக்கிறது. அதன் கிளிப் நெஞ்சில் குத்துகிறது. பதினொரு வருஷம் குத்தாதது இன்று ஏன் குத்துகிறது? இவ்வளவு நாளும் அவர் பெயரை அவர் வேலைக்குப் போட்டேன், அவர் சொல்லிப் போட்டேன், வாசலில் தொங்கியதும் அவர் பெயர்ப்பலகை. இன்று அவர் பெயரில் எனக்கு நானே நற்சான்று கொடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு என்னைப் பற்றி அவ்வளவு உயர்ந்த அபிப்பிராயமும் கிடையாது. மனைவி தவமணியிடம் கேட்டால் இதெல்லாம் ஒரு விஷயமா என்பாள். "ஊருல கொத்தனாரையே இஞ்சினியர்னுதான் கூப்பிடுறாங்க, உனக்கு எதுக்கு தனியா ஒரு காயிதம்?" என்று காலையில் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள். கேட்டாளே தவிர, இருப்பதில் நல்ல சட்டையைத்தான் போட்டுக் கொடுத்தாள். எதற்கு என்றால், சொல்ல வெட்கமாக இருக்கிறது, வரைபடத்தின் வலது கீழ்மூலையில் பொறியாளர் பெயருக்கென்று ஒரு சின்னக் கட்டம் உண்டு, அந்தக் கட்டத்துக்குத்தான். என் வீட்டு அலமாரியில் நான் வரைந்த ஊரே இருக்கிறது, ஒரு கட்டத்தில்கூட நான் இல்லை. போன மாதம் மாமனார் வீடு கட்டப்போவதாகச் சொன்னார். "மாப்ள, உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல இஞ்சினியரா ஒருத்தர் இருந்தா சொல்லுங்க" என்றார். சொல்கிறேன் மாமா என்றேன். அன்று சாம்பாரில் உப்பு இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாருக்குப் போன் செய்தேன், செய்யாமல் இல்லை. மேடம் கோப்பை மூடிய மறு நிமிஷமே படிக்கட்டுக்கு ஓடிப்போய்ச் செய்தேன். "சார், கையெழுத்து ஒத்துப்போகலைன்னு சொல்றாங்க." "யாரோடது?" "உங்களுது சார்." "என் கையெழுத்து எதோடய்யா ஒத்துப்போகணும்?" "உங்க கையெழுத்தோட சார்." "ஏன்யா ஏழுமல, பட்டப்பகல்லயே ஆரம்பிச்சுட்டியா?" நான் ழ்-வைப் பற்றிச் சொன்னேன். முதல் தடவையாகச் சொன்னேன். அவர் சிரிப்பாரென்று நினைத்தேன், இல்லை. "பதினோரு வருசமா என் பேர தப்பாவா எழுதிட்டிருந்த?" என்றார், குரல் கொஞ்சம் உடைந்தாற்போல இருந்தது. மற்றவர்களுக்கு மோசடி என்று படுவது அவருக்கு எழுத்துப்பிழையாகத்தான் பட்டது. அப்புறம் அவரே தேறிக்கொண்டு, "சரி விடு, இதையும் நீயே போட்டுடேன், எப்பவும் போடுறதுதானே" என்றார். "மாட்டேன் சார், நீங்க வாங்க" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். அவரிடம் மாட்டேன் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. வருகிறேன் என்றார். இருபது நிமிஷ வழி. ஆனால் வழியில் பஜ்ஜிக்கடை இருக்கிறது, ஸ்கூட்டர் அங்கே தானாக நின்றுவிடும்.

வராவிட்டால்? மூன்று இருபத்தெட்டு. வராவிட்டால் போட்டுவிடலாமா? போடக் கூடாது. நான்கரை வரைக்கும் பார்த்துவிட்டுப் போடலாமா? நான்கரைக்குப் போட்டால் மட்டும் அது வேறு பாவமா? பேசாமல் எழுந்துபோய் மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் சாருடைய உரிமம் போகும், எனக்கு வரவேண்டியது வராது, முந்நூற்றுப் பன்னிரண்டு வரைபடத்தையும் கட்டாகக் கட்டி வெளியே எடுப்பார்கள், மாவு மில்லுக்கு நோட்டீஸ் ஒட்டுவார்கள், பல் ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்தபடி படுத்திருக்கிற ஆளை எழுப்பி வெளியே அனுப்புவார்கள். இதில் ஒரு வீடு மேடத்தினுடையது. எட்டு வருஷத்துக்கு முன்னால் மேடமும் அவர் வீட்டுக்காரரும் சாரைப் பார்க்க வந்தார்கள். மாமியாருக்கு முட்டிவலி, மாடி ஏற முடியாது என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தார், சார் தலையை ஆட்டிக்கொண்டு நாளிதழைப் பார்த்தார், நான் மூலையில் பென்சில் சீவிக்கொண்டு கேட்டேன். வழக்கமான ஏழு அங்குலப் படியை ஆறாக இறக்கி, கூடுதல் படிகளுக்கு இடம் பிடிக்கப் பூஜை அறையை ஒரு முழம் நகர்த்தி, நடுவில் அந்த அம்மா உட்கார்ந்து மூச்சு வாங்க அகலமான திருப்பம் வைத்து, ஒன்பது தடவை அழித்து வரைந்தேன். இன்றைக்கும் மேடம் என்னைப் பார்த்தால் "கலியபெருமாள் சார் போட்ட படிக்கட்டு, எங்க அத்தை பேரன் மாதிரி ஏறுறாங்க" என்பார். சாரிடம் சொல்கிறேன் மேடம் என்பேன். சாரிடம் சொன்னதில்லை. அதை மட்டும் நானே வைத்துக்கொண்டேன்.

கை சட்டைப்பைக்குப் போகிறது. சும்மா பேனாவைத் தொட்டுப் பார்க்கத்தான். தொட்டால் என்ன, எடுத்தால் என்ன, மூடியைத் திறந்தால்தான் என்ன, டக், பெஞ்ச் ஆடுகிறது, மேடம் பார்க்கிறார், பேனாவைத் திரும்ப வைக்கிறேன். மூன்று நாற்பதுக்கு மசாலா வாசனை வருகிறது, அதற்குப் பின்னால் சார் வருகிறார். வேட்டி, ஹெல்மெட், மீசையில் ஒரு துளி சட்னி. எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. அறுபத்தெட்டு வயதில் வெயிலில் வந்திருக்கிறாரே மனுஷன். பக்கத்தில் உட்கார்ந்தார், பெஞ்ச் இந்த முறை அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. கையிலிருந்த நாளிதழை என் மடியில் விரித்து ஓரத்தில் வெள்ளையாக இருந்த இடத்தைக் காட்டினார்.

"என் கையெழுத்த எப்படிப் போடணும்? சொல்லிக் குடு."

சொல்லிக் கொடுத்தேன். இது போலியா? பெயர் அவருடையது, கையும் அவருடையது, வடிவம் மட்டும்தான் என்னுடையது, அப்படியானால் போலி இல்லை என்று மனத்துக்குள் ஒரு வக்கீல் வாதாடுகிறான், அவன் முகத்தைப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. சார் நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு எழுதுகிறார். ள் வந்துவிடுகிறது. மறுபடி ள். "அறுவத்தெட்டு வருசமா கை அப்படியே போயிடுதுய்யா." வால் கீழே போகணும் சார். "எவ்ளோ கீழ?" பெயர் முழுக்க சார். இரண்டு தும்மல். ராசிபலன் பக்கத்தில் மகரத்துக்கும் கும்பத்துக்கும் நடுவில் ஏழு கலியபெருமாள்கள், ஒரு கலியபெருமாழ்கூட இல்லை.

"ஏழுமலை!" மேடத்தின் குரல். "அவர் மெதுவா பாக்கட்டும். நேரம் ஆவுது, அதுக்குள்ள உங்க மாதிரிக் கையெழுத்த எடுத்துடலாம், வாங்க."

போகிறேன். பழுப்பு அட்டை போட்ட அதே பதிவேடு. புதுப் பக்கம். மேலே மேடம் தன் முத்து முத்தான எழுத்தில் எழுதியிருக்கிறார், 'சி. ஏழுமலை, பொறியாளர்.' பொறியாளர். சி.க்குரிய சின்னத்தம்பி, என் அப்பா, கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருவிரலை மையில் அழுத்தியவர். அவர் பெயரின் முதல் எழுத்து இங்கே உட்கார்ந்திருக்கிறது. விரிசலைப் பார்க்கலாமென்றால் இங்கிருந்து தெரியவில்லை. கீழே மூன்று கட்டம். மூன்றும் ஒத்திருக்க வேண்டும், அடித்தல் திருத்தல் கூடாது. மூன்று கட்டத்தைப் பார்த்ததும் கை கிளம்பிவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. அழகாக வந்திருக்கிறது. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. நிமிர்ந்து பார்க்கிறேன்.

மேடம் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்புகிறார். சாருடைய பழைய பக்கத்தைப் புரட்டுகிறார். ஒரு விரலை அங்கே வைத்துக்கொண்டு இன்னொரு விரலை இங்கே வைக்கிறார்.

"ஒத்துப்போகுது" என்கிறார். கொஞ்சம் கழித்து, "ரொம்ப நல்லா ஒத்துப்போகுது."

அப்போதுதான் நான் பார்க்கிறேன். மூன்று கட்டத்திலும் கலியபெருமாழ், கலியபெருமாழ், கலியபெருமாழ், வாலை நீட்டிக்கொண்டு. போயிற்று. எல்லாம் போயிற்று. மாமனாருக்கு வேறு இஞ்சினியர் பார்க்க வேண்டும்.

"எத்தன வருஷமா?"

"பதினொண்ணு மேடம்."

"அப்ப எங்க வீட்டு பிளான்?"

"அதுலயும் நான்தான் போட்டேன் மேடம்."

"கையெழுத்து மட்டுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். கையெழுத்து மட்டும்தான், மற்றதெல்லாம் சார் என்று சொல்லியிருந்தால் சாருக்காவது கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். ஆனால் எட்டு வருஷமாக நான் ஒளித்துவைத்திருந்த ஒன்று தானாக வெளியே வந்துவிட்டது. "படிக்கட்டும் மேடம். ஆறு அங்குலம். உங்க அத்தைக்கு முட்டிவலின்னு சார்கிட்ட சொன்னீங்க. நான் மூலையில இருந்தேன்."

மேடம் என்னையே பார்க்கிறார். மூலையில் இருந்த ஆளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறார் போல. வரவில்லை என்று முகத்தில் தெரிகிறது. "இன்னிக்குக் காலையிலகூட மேல ஏறிப் போய் வடகம் காயப்போட்டாங்க" என்றார், எனக்கென்று சொல்லாமல். அப்புறம் மேசை இழுப்பறையைத் திறந்தார். போலீஸுக்குப் போன் செய்யத்தான் நம்பர் தேடுகிறார் என்று நினைத்தேன். கோந்து பாட்டிலை எடுத்தார். வெள்ளைத் தாளில் ஒரு துண்டு கத்தரித்து, மூன்று கட்டங்களின் மேலும் ஒட்டி, அளவுகோல் வைத்துப் புதிதாக மூன்று கட்டம் போட்டார். ஓரத்தில் 'எழுத்தர் பிழை' என்று எழுதித் தன் சுருக்கொப்பத்தை வைத்தார். என் பிழையை இன்னொருவர் பெயரில் ஏற்றுவது எனக்குப் புதிதில்லை, ஆனால் அந்த இன்னொருவரே அதைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டதை இதுவரை நான் பார்த்ததில்லை. அப்போதும் அவர் முகம் கடுகடுவென்றுதான் இருந்தது.

"இப்ப உங்க பேரப் போடுங்க. ழ எங்க வரணுமோ அங்க மட்டும் வரட்டும்."

சி. ஏழுமலை. மூன்றாம் வகுப்பில் எழுதியதுபோல் ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன். கையெழுத்து மாதிரியே இல்லை, வெறுமனே பெயர் மாதிரி இருந்தது. மூன்றும் ஒத்திருந்தன.

"இது சரி. உங்க சார் அவரு நெசக் கையெழுத்தையே என் முன்னாடி போடட்டும். மாதிரி புதுப்பிச்சதா எழுதிக்கிறேன். அது நேத்து சான்றிதழ்ல போட்டதோட ஒத்துப்போனா போதும், புதுப் படிவமே வேணாம்."

திரும்பி ஓடப் பார்க்கிறேன், அதற்குள் பெஞ்ச் டக் என்கிறது. சார் நாளிதழைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறார். மகரத்தின் மேலேயே எழுதியிருக்கிறார்.

"வந்துடுச்சுய்யா! ழ் வந்துடுச்சு! வாலப் பாரு, வால!"

வந்துதான் இருந்தது. என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது.

"சார், அது வேணாம்" என்றார் மேடம். "உங்க சொந்தக் கையெழுத்தப் போடுங்க, போதும்."

சாரின் முகம் விழுந்துவிட்டது. பதிவேட்டின் முன் குனிந்தார், பேனாவைத் திறந்தார், தும்மினார். கலியபெருமா வரைக்கும் வேகமாக வந்தார். பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது. காற்றில் ஒரு வால் போட்டுப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார், இன்னொன்று போட்டுப் பார்த்தார். பிறகு திரும்பி, மேடத்துக்குக் கேட்காதபடி என் காதருகே வந்தார்.

"ஏழுமல, என்னோடது எப்படிப்பா இருக்கும்?"

கோப்பிலிருந்து போலி என்று ஒதுக்கிய அந்தச் சான்றிதழை உருவி அவர் முன்னால் வைத்தேன். அதைப் பார்த்துப் பார்த்துத் தன் பெயரை எழுதி முடித்தார். மேடம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒத்துப்போகுது" என்று சீலை எடுத்தார்.